இடுப்பு மூட்டு மாற்றமும் ஒரு எக்ஸ்ரே படமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கை இடுப்பு மூட்டு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டைட்டானியம், செராமிக், பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் என்று பொருள்களைப் பற்றி விரிவாகச் சொன்ன கட்டுரை, எக்ஸ்ரே படத்துக்கு ஒரு வரிதான் ஒதுக்கியிருந்தது. எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்பவன் என்பதால் அந்த விடுபட்ட பகுதியைச் சொல்லியே ஆக வேண்டும்.

படத்தில் எலும்பு உள்ளதைவிடப் பெரிதாகத்தான் விழும். இடுப்புப் படத்தில் பெரும்பாலும் 15 முதல் 20 சதவீதம் கூடுதலாக. பருமனானவர்களுக்கு இன்னும் அதிகமாக. அதனால்தான் 25 மி.மீ. விட்டமுள்ள உலோகக் குண்டை வைத்துப் படமெடுக்கிறோம். படத்தில் குண்டு 30 மி.மீ. என்று விழுந்தால் பெருக்கம் 20 சதவீதம். அதை வைத்துத்தான் தொடை எலும்புக்குள் செருக எந்தத் தண்டு, இடுப்பெலும்பில் பொருத்த எந்தக் கிண்ணம் என்று மருத்துவர் திட்டமிடுகிறார். குண்டு இடுப்பு மூட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். அவசரத்தில் மேசைமேல் வைத்துவிட்டால் பெருக்கம் குறைவாகக் காட்டும், எலும்பு பெரிதென்று கணக்காகிவிடும். அறுவை அறையில் பார்த்துச் சரிசெய்துகொள்வார்கள்தான். அதற்காகத் தவறான கணக்கை நாம் அனுப்பலாமா?

கால் விஷயம் இதைவிட முக்கியம். நோயாளி படுத்ததும் பாதம் தானாக வெளிப்பக்கம் சாயும். அப்படியே எடுத்தால் தொடை எலும்பின் கழுத்து குட்டையாகத் தெரியும். மூட்டின் மையத்திலிருந்து எலும்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற அளவும் குறைந்து காட்டும். அதை நம்பி மூட்டைப் பொருத்தினால் தசைகள் தொய்ந்து நடை சாயும், மூட்டு நழுவும் ஆபத்தும் கூடும். கால்களை 15 டிகிரி உள்பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். வலியால் அது முடியாதென்றால், மறுபக்கத்து நல்ல மூட்டைப் பார்த்து அளக்கலாம்.

அப்புறம், அறுவைக்குப் பிந்தைய படங்கள். இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு வழிவகுத்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துபோக, 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதுவும் மெல்லத் தேயும். தேய்ந்து உதிரும் துகள்களால் சுற்றியுள்ள எலும்பு வலியே இல்லாமல் அரித்துப்போகக்கூடும். “வலியில்லையே, படம் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளில் சிக்கல் வேறு: எக்ஸ்ரே தெளிவாக இருக்கும்போதே சுற்றியுள்ள தசை கெட்டுப்போயிருக்கலாம். அந்த வகையைச் சேர்ந்த, டிப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டுகள் 2010-ல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. உலோகத்தால் வரும் சிதைவைக் குறைத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. அங்கே தேவைப்படுகிறது.

மூட்டு மாற்றிக்கொண்ட வாசகர்கள், அறுவை முடிந்ததும் எடுத்த முதல் படத்தையும், பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் உள்ள சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும். பத்து ஆண்டு கழித்துக் கிண்ணம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க அந்தப் பழைய படம்தான் ஆதாரம். இதை உங்கள் இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எக்ஸ்ரே பிரிவு ஊழியர் ஒருவர்