தம்பியைக் காத்துவிட்டுப் போன தோலுக்கு

இறந்த தம் வீட்டவரின் தோலைத் தானமாகக் கொடுத்த, பெயர் தெரியாத குடும்பத்தாருக்கும், அதைப் பதப்படுத்திக் காத்த தோல் வங்கியில் பணியாற்றுவோருக்கும், தீக்காயப் பிரிவின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

தானம் கொடுத்தவர் யார் என்பதைப் பெற்றவர்களிடம் வங்கி சொல்வதில்லை. அதனால், உங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டியதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உடம்பில் பாதிக்கு மேல் வெந்த நிலையில்தான் என் தம்பியை மருத்துவமனையில் சேர்த்தோம். அவனுடைய தோலையே எடுத்து ஒட்டலாம் என்றால், எடுப்பதற்கு நல்ல தோல் போதிய அளவு மிஞ்சியிருக்கவில்லை. தோல் போன இடத்தில் உடல்நீர் வடிந்துகொண்டே இருக்கும், கிருமிகள் எளிதாகப் புகுந்துவிடும். கட்டுப் பிரிக்கும் நேரத்தில் அவன் பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பில்லை. அப்போதுதான் இறந்தவர் ஒருவரின் தோலைக் கொண்டு புண்ணை மூடலாம் என்றார் மருத்துவர். மூடிய பிறகு வலி தணிந்து அவன் தூங்கினான்.

அந்தத் தோல் நிலைக்காது என்றும் அவர் முன்பே சொல்லியிருந்தார். பிறர் தோலை உடல் அந்நியம் என்று கண்டுகொண்டு, பொதுவாக இரண்டு மூன்று வாரங்களில் தள்ளிவிடுமாம். 1940களில் பிரிட்டிஷ் உயிரியல் ஆய்வாளர் பீட்டர் மெடவாரும் அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனும், தீக்காயம் பட்ட ஒரு பெண்ணுக்கு ஒட்டிய பிறர் தோல் என்ன ஆகிறது என்று கவனித்தார்கள். இரண்டாம் முறை ஒட்டியது இன்னும் விரைவாக அழிந்தது. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்த மெடவாருக்கு 1960இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய உறுப்பு மாற்றுச் சிகிச்சை நிற்பதே அந்த அறிவின் மேல்தான். பெயர் தெரியாத அந்த நோயாளிக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

எங்களுக்கு அந்தச் சில வாரங்களே போதுமானதாக இருந்தன. புண் தேறியது. தம்பியின் உடம்பில் தோல் எடுத்த இடங்கள் ஆறின. ஆறிய இடத்திலிருந்தே மறுபடியும் எடுத்து, பகுதி பகுதியாக ஒட்டினார்கள். உங்கள் வீட்டவரின் தோல் இப்போது அவன் உடம்பில் இல்லை. கருவிழி பெற்றவருக்குத் தொட்டுக்காட்டக் கண் இருக்கிறது. எங்களிடம் காட்டுவதற்குத் தம்பிதான் இருக்கிறான்.

வங்கிக்கு நேரில் போய் நன்றி சொன்னேன். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் போய், தொடை, கால், முதுகுப் பகுதிகளிலிருந்து மிக மெல்லிய அடுக்கை மட்டும் எடுக்கிறார்களாம். முகத்தைத் தொடுவதில்லை. எடுத்த இடத்தில் கட்டுப்போட்டு, ஆடை உடுத்தி, உடலை மரியாதையாக ஒப்படைக்கிறார்கள். இரத்தப் பிரிவு பொருந்த வேண்டியதில்லை. எடுத்த தோலை 85 சதவீதக் கிளிசராலில் (கிளிசரின்) ஊறவைத்து 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்தால் ஐந்து ஆண்டுகள் வரை கெடாமல் இருக்குமாம். நீரைக் கிளிசரால் இழுத்துக்கொள்வதால் கிருமிகள் பெருக வழியில்லை.

அங்கே பணியாற்றும் அம்மையார் ஒரு குப்பியை எடுத்துக் காட்டினார். ஒட்டியிருந்த தாளில் எண் மட்டும்தான். உள்ளே, வலைத்துணியோடு சுருட்டிய வெளிறிய பட்டைகள். இன்னொரு தட்டில் சில குப்பிகள் தனியாக இருந்தன. எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி, பால்வினை நோய், கிருமி வளர்ப்புச் சோதனைகளின் முடிவு வராதவை. “எவ்வளவு அவசரம் என்று கேட்டாலும் இவற்றைத் தரமாட்டோம்” என்றார். அம்மா, அந்தக் கண்டிப்புக்குத்தான் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். சிகிச்சைக்குத் தேறாததையும், குடும்பம் இசைந்திருந்தால், வீணாக்காமல் ஆய்வுக்குக் கொடுக்கிறார்கள் என்று கேட்டபோது மனம் நிறைந்தது.

உடல் கிடத்தியிருந்த வீட்டில் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்த ஆலோசகருக்கும் என் நன்றி. அழுகைக்கு நடுவிலும் சரி என்று சொன்ன உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

தம்பி இப்போது வலக்கை விரல்களை மடக்கி நீட்டப் பயிற்சி செய்துவருகிறான். பெயர், ஊர் எழுதாமல் கடிதம் கொடுத்தால் வங்கியே உங்களிடம் சேர்த்துவிடும் என்கிறார்கள். அதைத் தன் கையாலேயே எழுதுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். அவன் கடிதம் வரும்வரை இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அவனுடைய அக்கா