ஷட்டரை மட்டும் மாற்றாதீர்கள்: வாய்க்கால் மதகுகளைப் புதுப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

பாசன வாய்க்கால்களில் பழைய மதகுகளை மாற்றிக் கட்ட மதிப்பீடு போடும் பொறியாளர்களுக்கும், அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மதகு பழுதானால் முதலில் கண்ணில் படுவது ஷட்டர். தகடு அரித்து ஓட்டை விழுந்திருக்கும், திருகுத் தண்டு வளைந்திருக்கும், ஷட்டர் ஏறி இறங்கும் பள்ளமான காடியில் துரு ஏறிப் பாதி வழியிலேயே சிக்கி நிற்கும். மதிப்பீட்டிலும் அதுவே முதலில் ஏறிவிடுகிறது. ஆனால் மதகை அடியோடு சாய்ப்பது, தளத்துக்குக் கீழேயும் பக்கச் சுவருக்குப் பின்னாலும் தண்ணீர் தேடிக்கொள்ளும் வழி. மண்ணுக்குள் மறையப்போகிற வேலைக்கு முதலில் பணமும் நாளும் ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

வாய்க்கால் வற்றியதும் தளத்தை இரும்புக் கம்பியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும். அடியில் மண் போன இடத்தில் சத்தம் மந்தமாக, தொம்மென்று விழும். தண்ணீர் ஓடும்போதே பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. மதகின் கீழ்ப்பக்கம் ஊற்று கிளம்பினால் அந்தத் தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் வெறும் கசிவு, கண்காணித்தால் போதும். அடியில் மணல் படிந்தால் தளத்தின் கீழிருந்து மண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட மதகுக்குப் புது ஷட்டர் மட்டும் போடுவது ஆபத்து. ஒழுகாத ஷட்டர் தண்ணீரை இன்னும் உயரமாகத் தேக்கும், தளத்தைக் கீழிருந்து மேலே தள்ளும் அடியழுத்தமும் கூடும். பழைய ஷட்டர் ஒழுகிக்கொண்டிருந்தவரை எப்படியோ தாங்கிய தளம், புது ஷட்டர் வந்த பிறகு பெயர்ந்துவிடும். கங்கையின் குறுக்கே கட்டிய நரோரா அணைக்கட்டு 1898-ல் பெயர்ந்ததற்கும் அடியழுத்தமே காரணம்.

ஆகவே தளத்தின் முனைகளில் மண்ணுக்குள் இறக்கிக் கசிவைத் தடுக்கும் வெட்டுச்சுவரின் ஆழத்தைப் பழைய வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்தெழுத வேண்டாம். நூற்றுக்கணக்கான அணைக்கட்டுகளை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் லேன், 1935-ல் ஒரு கணக்கைத் தந்தார்: தளத்தின் கீழே தண்ணீர் கிடைமட்டமாகக் கடக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எண்ண வேண்டும், செங்குத்தாக இறங்கி ஏறும் தூரத்தை முழுதாக எண்ணலாம். நுண்மணலில் இந்தக் கூட்டுத்தொகை, மதகின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டைப் போல் 7 மடங்கு இருக்க வேண்டும். வேறுபாடு 1.5 மீ. என்றால் 10.5 மீ. தேவை. 6 மீ. நீளத் தளம் அதில் 2 மீ. மட்டுமே தரும். மீதி 8.5 மீட்டரைத் தளத்தின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 2.1 மீ. ஆழ வெட்டுச்சுவர்களே தர முடியும். தளத்தை நீட்டிக்கொண்டே போவதைவிட வெட்டுச்சுவரை இறக்குவது நல்லது.

பக்கவாட்டில் வரும் கசிவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெட்டுச்சுவர், மதகின் பக்கங்களில் விரியும் இறக்கைச் சுவரோடு நின்றுவிடாமல் கரைக்குள்ளும் நன்றாகப் போய்ச் செருக வேண்டும். இடித்த பழைய செங்கல்லையும் கான்கிரீட் கட்டிகளையும் சுவருக்குப் பின்னால் கொட்டி மண் மூடும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். கட்டிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம்தான் பின்னாளில் தண்ணீர் ஓடும் குழாயாகிறது. களிச்சத்துள்ள மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு, சுவரை ஒட்டிய இடத்தில் கையால் பிடிக்கும் சிறு இடிப்பு இயந்திரத்தால் கெட்டிப்படுத்த வேண்டும். பெரிய உருளை அங்கே ஆகாது, சுவரையே தள்ளிவிடும். மண்ணின் ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் ஈரம் போதாது.

அடுத்தது படிமட்டம், அதாவது ஷட்டர் வந்து அமரும் படியின் உயரம். பழைய தளத்தை உடைக்காமல் அதன்மேலேயே 15 செ.மீ. கான்கிரீட் போட்டு முடித்துவிடுவது சுலபம்தான். ஆனால் திறந்த மதகில் பாயும் நீரின் அளவு, படிக்கு மேலுள்ள நீர் உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு (உயரம்^1.5) ஏற்ப மாறும். 60 செ.மீ. உயரம் 45 ஆகக் குறைந்தால் பாயும் நீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். அந்தக் குறையைச் சுமப்பது கடைமடை வயல். பழைய படியின் மட்டத்தை இடிப்பதற்கு முன்பே நிலையான அடையாளக் கல்லோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். இடித்த பிறகு அது யாருக்கும் தெரியாது.

ஷட்டரைப் பற்றிச் சுருக்கமாக: 1.5 மீ. அகல ஷட்டரில் 1.5 மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 1.7 டன் அழுத்தம். உராய்வுக் கெழு 0.4 ஆனால் தூக்குவதற்கே சுமார் 0.7 டன், அதற்கு மேல் ஷட்டரின் சொந்த எடை. திருகுத் தண்டு பெரும்பாலும் வளைவது இறக்கும்போதுதான்: படியில் கட்டையோ கல்லோ சிக்கியிருக்கும், ஆட்கள் கைப்பிடியில் குழாய் மாட்டி அழுத்துவார்கள். தண்டுக்கு இடையில் தாங்குவளையம் வையுங்கள். காடிச் சட்டத்தை முதல் கான்கிரீட்டிலேயே புதைத்துவிடாதீர்கள். பள்ளம் விட்டு வார்த்து, சட்டத்தை நூல்குண்டு பிடித்து நிறுத்தி, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமா என்று அளந்த பிறகு இரண்டாம் கான்கிரீட் இடுங்கள். ஷட்டருக்கு இருபுறமும் அடைப்புப் பலகை இறக்கத் தனிக் காடி ஒன்றும் விடுங்கள். அது இருந்தால், ரப்பர் சீல் தேயும்போது வாய்க்கால் முழுவதையும் நிறுத்தாமலே மாற்றிவிடலாம்.

இதெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தப்படும் அடைப்புக் காலத்துக்குள் முடிய வேண்டுமானால் ஷட்டரும் சட்டமும் தண்ணீர் நிற்பதற்கு முன்பே வேலையிடத்தில் வந்து இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் நின்ற பிறகு டெண்டர் திறந்தால், குறைபடுவது கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடும் நீராற்றும் நாட்களும் மண் இடிப்பும்தான். திறப்புத் தேதி மாறாது என்றால், அந்தப் பருவத்தில் குறைந்த எண்ணிக்கையில் மதகுகளை எடுத்து அவற்றை முழுமையாக முடியுங்கள்.

முதல் தண்ணீரை நாளுக்கு 30 செ.மீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். முழு மட்டம் வந்த முதல் இரவு, கீழ்ப்பக்கக் கரையில் விளக்கோடு ஒருவர் நிற்கட்டும். கலங்கல் ஊற்று தெரிந்தால் அதை மண்ணால் அடைக்காமல், முதலில் மணல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் கல் என்று வடிகட்டியாகப் போட வேண்டும் என்று அவருக்குச் சொல்லி, மூன்றையும் அருகிலேயே குவித்து வையுங்கள்.

இப்படிக்கு,
மதகுகளைக் கட்டியும் பராமரித்தும் வருவோர்