விடை சரி, வழி சரியா?

ஐயா,

முக்கோணவியல் முற்றொருமையை (கோணம் எதுவானாலும் இரு பக்கமும் சமமாக இருக்கும் சமன்பாட்டை) நிரூபிக்கச் சொன்னால், நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியாக எழுதி, குறுக்குப் பெருக்கல் செய்து, இரு பக்கமும் சமம் என்று முடித்துவிடும் பத்தாம் வகுப்பு மாணவர்கள் பலர். ஒவ்வொரு படியும் பின்னோக்கியும் செல்லும் என்று காட்டாதவரை அது நிரூபணமாகாது; 1 = –1 என்று தொடங்கி இருபுறமும் வர்க்கப்படுத்தினாலும் 1 = 1 என்ற பழுதற்ற வரிதானே கிடைக்கிறது! எந்த வரைபடத்திலும் எல்லையைப் பகிரும் நாடுகளுக்கு வெவ்வேறு நிறம் தீட்ட நான்கு வண்ணங்களே போதும் என்னும் நான்கு வண்ணத் தேற்றத்துக்கு 1879-இல் கணிதவியலர் கெம்பே தந்த நிரூபணத்தை, 1890-இல் மற்றொரு கணிதவியலர் ஹீவுட் அதன் பிழையைச் சுட்டும்வரை அறிஞர்களே ஏற்றிருந்தார்கள். தேற்றமோ உண்மைதான் என்று 1976-இல் கணினியின் துணையோடு நிறுவப்பட்டது. எனவே, கடைசி வரியை மட்டும் பார்த்து மதிப்பெண் இடாமல், ஒவ்வொரு படிக்கும் காரணம் எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் ஒதுக்குமாறு பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

– கணித ஆசிரியர், தஞ்சாவூர்