வேலை நடக்கட்டும் ஐயா, எச்சரிக்கையை வரிசையின் வால் வரை கொண்டுபோங்கள்

பெறுநர்: நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் அவர்கள்

பொருள்: சாலைச் சீரமைப்புப் பணியின்போது போக்குவரத்துப் பாதுகாப்பு கோருதல் தொடர்பாக

ஐயா, வணக்கம்.

நெடுஞ்சாலையைச் சுரண்டிப் புதிதாகப் போடும் வேலை தொடங்கியதில் எங்களுக்குச் சந்தோஷம்தான், அதை நிறுத்தச் சொல்லி இந்த மனு எழுதவில்லை. வண்டிகளை ஓடவிட்டுக்கொண்டே சாலையைச் சரிசெய்வது லேசான காரியம் இல்லை என்பதும் தெரியும். ஆனால் வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிக் கூம்பு வைத்தால் பாதுகாப்பு முடிந்தது என்று ஒப்பந்ததாரர் நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஆபத்து அதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கிறது. லேன் சுருங்கும் இடத்தில் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, பின்னால் வேகமாக வருபவர் கடைசி வண்டியில் போய் மோதுகிறார்; பணி நடக்கும் சாலைகளில் அதிகம் நடக்கும் விபத்தே இந்த மாதிரிதான். 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும், ஓட்டுநர் பார்த்து, பிரேக் மிதித்து, வண்டி நிற்பதற்குள் சுமார் 120 மீட்டர் ஆகிவிடும், பாரம் ஏற்றிய லாரிக்கும் மழைக்கும் இது போதாது. எச்சரிக்கைப் பலகை நடும்போது வரிசையே இல்லை. மாலையில் வரிசை அந்தப் பலகையைத் தாண்டி வளைவுக்கு அப்பால் நீண்டுவிடுகிறது, அங்கே நிற்கும் லாரிக்குப் பின்னால் எச்சரிக்க எதுவுமே இல்லை. வரிசை நீள நீளப் பின்னால் நகர்ந்துகொண்டே போகும்படி, மின்னும் விளக்குள்ள எச்சரிக்கை வண்டி ஒன்று வேண்டும். இதுதான் எங்கள் முதல் கோரிக்கை. மற்றதெல்லாம் அப்புறம்.

சுரண்டிய பகுதிக்கும் பழைய தாருக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு விளிம்பு நிற்கிறது. காருக்கு அது ஒன்றுமில்லை. பைக்கின் முன்சக்கரம் அதில் சாய்வாக ஏறினால் விளிம்போடு வழுக்கி, ஆள் பக்கத்து லேனில் விழுவார். அன்றன்றே அந்த விளிம்பைச் சரிவாக்க வேண்டும், முடியாவிட்டால் அதற்கான பலகையாவது வேண்டும். சாலையில் போட்ட பழைய வெள்ளைக் கோடுகளையும் அழிக்கவில்லை. இரவில் ஈரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே மின்னுகின்றன, எதை நம்புவது?

தடுப்புக்கும் தொழிலாளர்களுக்கும் இடையே வெற்றிடம் விடுவது, பிரேக் பிடிக்காமல் உள்ளே வரும் வண்டி ஆள்மேல் ஏறாமல் நிற்பதற்காக. அங்கேயே ஜல்லியைக் கொட்டி ரோலரையும் நிறுத்தி வைத்தால் என்ன பயன்? ரிப்பன் கட்டுவதெல்லாம் தடுப்பு ஆகாது, வேகமாக வண்டி ஓடும் பக்கத்தில் கான்கிரீட் தடுப்பு தேவை. வேலை இல்லாத நாளில் வேகக் குறைப்புப் பலகையை மூடிவிடச் சொல்லுங்கள், காலிச் சாலையில் அதைப் பார்த்துப் பழகியவர் வேலை நாளிலும் கண்டுகொள்ள மாட்டார்.

தாங்கள் ஒருமுறை இரவில், முடிந்தால் மழை நாளில், நேரில் பார்வையிட்டு ஒப்பந்ததாரருக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். பலகை விழுந்தாலோ விளக்கு அணைந்தாலோ உடனே சொல்ல, இரவிலும் ஆள் எடுக்கும் தொலைபேசி எண்ணைப் பணியிடத்தின் இரு முனைகளிலும் எழுதிவைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இந்தச் சாலையில் தினமும் போய்வருபவர்கள்