மடத்துக் கோயிலில் தங்கம் யாருக்காக?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த லிஸ்பன் பயணக் கட்டுரையை விரும்பிப் படித்தேன். தேசிய டைல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 23 மீட்டர் நீள நகரக் காட்சியை, 1755 நிலநடுக்கத்துக்கு முந்தைய லிஸ்பனை நீலத்திலும் வெள்ளையிலும் காட்டும் அந்த டைல்ஸ் ஓட்டுச் சுவரை, கட்டுரையாளர் அழகாக விவரித்திருந்தார். ஆனால் அதே கட்டடத்துக்குள் இருக்கும் மாத்ரே தெ தேயுஸ் கோயிலை இரண்டே வரியில் முடித்துவிட்டார். வறுமை விரதம் பூண்ட கன்னியர்களுக்கு இவ்வளவு தங்கம் எதற்கு, கண் கூசுகிறது என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். எனக்கு அந்த இரண்டு வரிதான் உறுத்துகிறது.

முதலில், அது அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் கோயில் இல்லை. கன்னியர் மடத்துக்குள் பின்னாளில் வந்து குடியேறிய அருங்காட்சியகம். போர்ச்சுகல் அரசர் இரண்டாம் ஜோவாவின் விதவையான ராணி லியோனோர் 1509-இல் தேஜோ ஆற்றங்கரையில், புனித பிரான்சிஸின் வழியில் வறுமையை ஏற்ற புனித கிளாரா சபைக் கன்னியருக்காக இந்த மடத்தை நிறுவினார். ஆற்றுவெள்ளம் தொல்லை கொடுத்ததால் மூன்றாம் ஜோவா காலத்தில் கோயிலை உயரமான மட்டத்தில் புதிதாகக் கட்டினார்கள். அப்போது ஏற்பட்டது கட்டடம் மட்டுமே. இன்று நாம் பார்க்கிற தங்கமும் ஓடுகளும் ஓவியங்களும் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சேர்ந்தவை. அருங்காட்சியகம் வந்ததோ 1965-இல். அதற்குத் தேசிய அந்தஸ்து கிடைத்தது 1980-இல்.

சரி, தங்கத்துக்கு வருவோம். கட்டுரையாளர் நின்ற இடம் கோயிலின் தரைத்தளம். இன்று எல்லோரும் அங்கேதான் நிற்கிறோம். ஆனால் அது வெளியாருக்கான இடம். மடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்ற அடைப்பு விதியில் வாழ்ந்த கன்னியர் அந்தத் தரையில் கால் வைத்துப் பூசை கண்டவர்கள் அல்லர். அவர்களின் இடம் பீடத்துக்கு நேர் எதிரே, கோயிலின் மறுகோடியில், மாடியில் இருக்கும் கூடம். இத்தகைய மடங்களில் கன்னியர் கிராதிக்குப் பின்னால் அமர்ந்து வேளாவேளைக்கு விவிலியத்தின் சங்கீதப் பாடல்களை ஓதுவார்கள். நற்கருணையை, அதாவது பூசையில் தரும் புனித அப்பத்தைக்கூடச் சின்னத் திறப்பு வழியாகத்தான் வாங்குவார்கள். எந்நேரமும் அவர்கள் பார்வை ஒரே திசையில், கோயிலின் முழு நீளத்தைத் தாண்டி, தூரத்துப் பீடத்தின் மேல். நாம் கைக்கெட்டும் தூரத்தில், மின்விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக் கண் கூசுகிறோம். அவர்கள் பார்த்தது விடியுமுன், நாலைந்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். அந்தக் கூடத்திலிருந்து கோயிலுக்குள் திறக்கும் சாளரத்தருகே போய் நின்று பார்த்தால்தான் இந்தக் கோயிலின் கணக்கு பிடிபடும். கட்டுரையாளர் மாடி ஏறினாரா என்று தெரியவில்லை. ஏறியிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

அந்தத் தங்கத்தின் பக்குவத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தகடு இல்லை, மரம். செதுக்கிய மரத்தின்மேல் வச்சிரப் பசையில் குழைத்த வெள்ளை மாவைப் பூச்சுப் பூச்சாகப் பூசித் தேய்ப்பார்கள். அதன்மேல் எண்ணெய்ப்பசை உள்ள செங்களிமண் ஒரு பூச்சு. அது ஈரமாகும்போது, மூச்சுக்காற்று பட்டாலே பறந்துவிடும் தங்க ரேக்கை ஒட்டவைப்பார்கள். காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்தால் பளபளக்கும். தேய்க்காமல் விட்ட இடம் மங்கலாகவே நிற்கும். இலையின் மேடான விளிம்பைத் தேய்த்து, பள்ளத்தை அப்படியே விட்டுவிடுவதுதான் கைத்திறன். ஒரு சுடர் அசைந்தால் கொடியும் இலையும் குழந்தைத் தேவதூதரும் சேர்ந்து அசைவதுபோல் தெரிவது இந்த வேறுபாட்டால்தான். ரேக்கு தேய்ந்த விளிம்புகளில் அடியிலிருக்கும் செம்மண் எட்டிப்பார்க்கும். எனக்குத் தங்கத்தைவிட அந்தச் சிவப்புதான் பிடித்திருந்தது.

தங்கம் தனியாகவும் இல்லை. சுவரின் கீழ்ப்பகுதி முழுக்க டச்சு ஓடுகள். எரியும் முட்செடியின் முன் மோசே நிற்கும் காட்சியெல்லாம் அதில் இருக்கிறது. அதற்கு மேலே பொன் சட்டமிட்ட பெரிய ஓவியங்களில் புனித பிரான்சிஸும் புனித கிளாராவும். தலைக்கு மேலே, கட்டம் கட்டமான கூரையில், மாதாவின் வாழ்க்கை. கீழே குளிர்ந்த நீலம், மேலே போகப்போகச் சூடான பொன். நீலத்தை எடுத்துவிட்டால் பொன் திகட்டிவிடும், பாயசத்தோடு அப்பளம் இல்லாத மாதிரி. இன்னொரு வேடிக்கை: புனிதர் உருவங்களைக் கோயிலிலிருந்து அகற்றிய, கால்வின் வழி வந்த சீர்திருத்தக் கிறிஸ்தவ ஹாலந்தில்தான், கத்தோலிக்கக் கன்னியர் மடத்துக்கான இந்த ஓடுகள் தீட்டிச் சூளையில் சுட்டு, கப்பலேறி வந்தன. வியாபாரம் வியாபாரம்தான்.

ஓவியங்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மேல்கூடத்திலோ திருப்பண்டப் பேழைகளும் (புனிதர்களின் எலும்பு முதலிய எச்சங்களை வைக்கும் பெட்டிகள்) சட்டங்களுமாக இண்டு இடுக்கு விடாமல் நிரப்பியிருக்கிறார்கள். அரைமணி நேரத்தில் கண் களைத்துப்போகும். அந்த அளவில் கட்டுரையாளர் பக்கம்தான் நானும்.

ஆனால் வறுமை விரதத்தையும் பீடத்துத் தங்கத்தையும் அவர் மோதவிட்டதை ஏற்க முடியவில்லை. விரதம் ஆளுக்கு, பீடத்துக்கு இல்லை. வறுமையைத் தன் மணமகள் என்று கொண்டாடிய பிரான்சிஸே, நற்கருணையை விலைமதிப்புள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்று தன் இறுதிச் சாசனத்தில் சொல்லிவிட்டுத்தான் 1226-இல் இறந்தார். இந்த மடத்தை நிறுவிய லியோனோர், ஐரோப்பாவின் பெரும் செல்வம் படைத்த பெண்களில் ஒருவர். அவர் தன்னைப் புதைக்கச் சொன்னது இதே மடத்தில், எல்லோரும் மிதித்து நடக்கிற இடத்தில், தரையோடு தரையாக. மேலே சுவரெல்லாம் பொன், கீழே ராணிக்கு ஒரு சாதாரணக் கல். இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயமா?

தங்கத்தைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும் என்றால் வேறொரு கேள்வி இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? 1690-களில் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு என்பது சட்டம். 1706 முதல் 1750 வரை ஆண்ட ஐந்தாம் ஜோவாவின் போர்ச்சுகல் அந்தப் பணத்தில்தான் பொன்னாக மின்னியது. ஆற்றுமணலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை அரித்தெடுத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். கட்டுரையாளருக்குக் கண் கூசியது சரியான காரணத்துக்காக இருந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, வெறுங்காலோடு வாழ்ந்த பெண்கள் தலையில் குற்றத்தைக் கட்டியதுதான் வருத்தம்.

அவர்கள் கதை எப்படி முடிந்தது என்பதும் கட்டுரையில் இல்லை. 1834-இல் போர்ச்சுகல் அரசு ஆண் துறவியர் மடங்களை ஒரே ஆணையில் மூடியது. பெண்கள் மடங்களை உடனே மூடவில்லை, புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று தடுத்தது. கடைசிக் கன்னி இறக்கும்வரை காத்திருந்து கட்டடத்தை எடுத்துக்கொண்டது. போர்த்துக்கீசிய ஆட்சியிலிருந்த கோவாவின் சாந்தா மோனிக்கா மடத்துக்கும் இதே கதிதான். அங்கே கடைசிக் கன்னி 1885-இல் இறந்தார்.

கடைசியாக, படக்குறிப்பில் ஒரு பிழை. கோயில் வாசலை ஐந்நூறு ஆண்டுப் பழமையானது என்று போட்டிருந்தீர்கள். முறுக்குக் கயிறு போன்ற வேலைப்பாடுள்ள அந்த வாசல் 1870-களில் புதுப்பித்தபோது வைத்தது. புனித ஆவுதாவின் திருப்பண்டம் இந்த மடத்துக்கு வந்துசேர்ந்ததைக் காட்டும் 16-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் பழைய முகப்பு இருந்தது. அதைப் பார்த்துத்தான் செய்தார்கள். அந்த ஓவியம் லிஸ்பனின் தேசியப் பழங்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொடரின் அடுத்த பகுதியில் இடமிருந்தால் அதையும், மேல்கூடத்திலிருந்து பீடத்தை நோக்கி எடுத்த படம் ஒன்றையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர்,
நாகர்கோவில்