மங்கைக்கு, கப்பல் ஏறும் முன்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மங்கை,

நாங்கள் நலம். இவருடைய முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, பின்வளவு மாமரம் இந்தமுறை கிளை முறியக் காய்த்து ஒழுங்கைக்கே பங்கு போட்டாயிற்று. சங்கீத ரீச்சர் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் இருந்து உன் மகன் உனக்கும் உன் வீட்டுக்கார அண்ணருக்கும் ஓகஸ்ட்டில் கிரீஸ், துருக்கிப் பக்கம் கப்பல் பயணம் ஒழுங்குபண்ணி முற்பணமும் கட்டிவிட்டான், நீயோ “கப்பலா, நான் ஏறமாட்டேன், காசைத் திருப்பி வாங்கச் சொல்லு” என்று போனில் அழுகிறாய். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை வாசித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் உன் பயத்தைப் பற்றி. 2004 மார்கழிக்குப் பிறகு நீ நிலாவெளிப் பக்கம் கால் வைத்ததில்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்வாய் என்று உன் பெரியவள் சொன்னாள். அக்காவைக் கொண்டுபோன கடல் அது. பயப்படாதே என்று உனக்குச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த 26ஆம் திகதி காலை, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் இந்து சமுத்திரத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருந்தது. நிலம் நடுங்கி இரண்டு மணிநேரம் கழித்து, நடுக்கடலில் அது அளந்த சுனாமி அலையின் உயரம் சுமார் 60 சென்ரிமீற்றர்தான். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இருப்பதால் ஆழ்கடலில் போகிற கப்பலுக்கு அப்படி ஒன்று கடந்து போனதே தெரியாது. ஆழம் குறைந்த இடத்துக்கு வரும்போது வேகம் தடைப்பட்டு, பின்னால் வருகிற தண்ணீரெல்லாம் முன்னால் ஏறி நிற்கும்போதுதான் அது நம்மைக் கொன்ற அலையாகிறது. ஆழ்கடலில் நிற்கும்போது நீ அந்த அலையிடம் இருந்து கரையில் இருப்பதைவிடத் தூரத்தில் இருக்கிறாய். இதை இரண்டு தரம் வாசி.

அப்புறம் உனக்கு இருக்கிற மற்றப் பயம், கப்பல் கவிழ்வது. 2012 தையில் இத்தாலிக் கரையோரம் கொஸ்தா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சரிந்து 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் கப்பலில் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு விதியை மாற்றி, புறப்படும் முன்னரோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தே தீரவேண்டும் என்று ஆக்கினார்கள். பலர் அந்த நேரத்தில் போனை நோண்டிக்கொண்டு நிற்பார்கள், எனக்குப் பார்க்கவே பத்திக்கொண்டு வரும். நீ அப்படி நிற்காதே. உன் அறையில் இருந்து ஒன்றுகூடும் இடத்துக்கு, லிஃப்ட் இல்லாமல், படிக்கட்டால் இரண்டு தரம் நடந்து பார். வழி காலுக்குத் தெரிந்துவிட்டால் மனதும் அடங்கும். ஒவ்வொரு புதுக் கப்பலிலும் நானும் இவரும் பெட்டியைத் திறக்கும் முன் செய்கிற முதல் வேலை இதுதான்.

ஓகஸ்ட் என்பதால் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையில் இருக்கிற ஏஜியன் கடலில் ஆடி ஆவணியில் வடக்கில் இருந்து மெல்தெமி என்று ஒரு வறண்ட காற்று வீசும், நமக்குக் கச்சான் மாதிரி. வானம் துப்பரவாக நீலமாக இருக்கும், கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்கும். அதனால் மகனிடம் சொல்லி அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில் கேள். நுனியிலும் மேல்தட்டிலும்தான் ஆட்டம் அதிகம். பல்கனி அறை என்று மேலே கொண்டுபோய்ப் போட்டிருந்தால் மாற்றச் சொல். கப்பலுக்குத் தண்ணீருக்குள் இரண்டு பக்கமும் விரிகிற செட்டைகள் இருக்கின்றன, பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகக் குறைக்கும், முன்பின் ஆட்டத்தை அவ்வளவு குறைக்காது. சத்திக்குக் குளிசை போடுவதென்றால் தலை சுற்றிய பிறகு அல்ல, கப்பல் புறப்பட முன்னரே போட வேண்டும், எந்தக் குளிசை என்று உன் டொக்டரிடம் கேள், நீரிழிவுக் குளிசைகளோடு சேருமா என்றும் கேள். காற்று மிஞ்சினால் சந்தோரினித் தீவைத் தவிர்த்துவிட்டுக் கப்பல் போய்விடக்கூடும். அங்கே பெரிய கப்பல் கரையில் கட்டுவதில்லை, எரிமலை வெடித்து உண்டான குடாவுக்குள் நிற்க, சின்னப் படகுகளில்தான் ஆட்களை இறக்குவார்கள். அப்படித் தவறினால் மனமுடையாதே. இறங்கக் கிடைத்தால் கேபிள் காரில் மேலே போ, வரிசை நீளமாக இருக்கும், இருந்தாலும் நில். 500க்கு மேற்பட்ட அந்தப் படிகளில் உன் “இஞ்சேருங்கோ” அண்ணர் வீரம் காட்ட வெளிக்கிட்டால் சேட்டில் பிடித்து இழு. கழுதையிலும் ஏற வேண்டாம், பாவம் அதுகள்.

விசா விஷயத்தில் மகனுக்குப் பிடிபடாத ஒன்று இருக்கிறது, அவன் பிரிட்டிஷ் பாஸ்போட்டில் ஓடித்திரிகிறவன். கிரீஸில் ஏறி, துருக்கியில் குசாதாசிக்குப் போய், திரும்ப கிரீஸுக்கு வருகிறீர்கள். நம் பாஸ்போட்டுக்கு அது செங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் எல்லையை விட்டு வெளியேறி மறுபடியும் நுழைவது. ஒருதரம் மட்டும் நுழையும் விசாவை வாங்கிவிட்டால் அடுத்து வருகிற ரோட்ஸ் என்ற கிரேக்கத் தீவில் இறங்கவே முடியாது, அதற்கு முன் கப்பலில் ஏற்றவே மாட்டார்கள். பலமுறை நுழையும் விசா என்று விண்ணப்பத்திலேயே போடு, கப்பலின் பயணத் திட்டத்தை இணை. துருக்கிக்கு உங்களுக்குத் தனி விசா வேண்டுமா என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள். பாஸ்போட்டில் திரும்பி வந்த பிறகும் ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும்.

இனி நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கு உண்மையான காரணம். நேற்று நீ போகிற போக்கில் “இன்சூரன்ஸ் எல்லாம் மகன் பார்ப்பான்” என்றாய். மங்கை, அண்ணர் இன்சுலின் போடுகிறவர், நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர். இந்த விஷயத்தை மகனிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

போன வருடம் சிங்கப்பூரில் இருந்து போன கப்பல் பயணத்தில், எங்கள் தட்டில் ஒரு வயதான சோடி இருந்தது, நம் ஆட்கள். பெயர் வேண்டாம். குளியலறையில் அவர் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. கப்பலில் டொக்டர் இருக்கிறார், தாதிமார் இருக்கிறார்கள், எக்ஸ்ரே கூட எடுத்தார்கள், ஆனால் சத்திரசிகிச்சை அங்கே நடக்காது. காலையில் பினாங்கில் அவரை ஸ்ரெச்சரில் இறக்கினார்கள். அந்த மனிசி ஒரு கையில் அவருடைய செருப்பு, மறுகையில் இரண்டு பாஸ்போட்டுகள், காலடியில் அவசரத்தில் மூடிய பெட்டியில் இருந்து சேலைத் தலைப்பு வெளியே தொங்க, துறைமுகக் கொங்கிறீற்றில் நின்றார். கப்பல் மருத்துவமனைப் பற்றுச்சீட்டு முழுவதையும் இறங்கும் முன் அவருடைய கார்ட்டில் கழித்துவிட்டார்கள். காப்புறுதி இருந்தது, ஆனால் அவருக்கிருந்த பிரஷரையும் எலும்புத் தேய்வையும் விண்ணப்பத்தில் எழுதியிருக்கவில்லை, அதனால் காசு தரமாட்டோம் என்றார்கள். நானும் இவரும் மேலிருந்து கைகாட்டினோம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதனால் கேள். செங்கன் விசாவுக்கு எப்படியும் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும், ஏஜென்சிக்காரர் ஏதோ ஒரு மலிவுத் தாளை வாங்கிக் கையில் தருவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுவீர்கள். அந்தத் தாள் செங்கன் நாடுகளுக்கு மட்டுமாக இருக்கலாம். துருக்கியில் செல்லுமா, கப்பலில் செல்லுமா, நடுக்கடலில் இருந்து ஹெலிகொப்டரில் கொண்டுபோனால் செல்லுமா என்று பார். அதற்கே பல்லாயிரம் டொலர் ஆகும். அண்ணரின் நீரிழிவையும் ஸ்டென்டையும் ஒளிக்காமல் எழுதி, ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வாங்கு. கட்டணம் கூடும். கூடட்டும். மகன் லண்டனில் ஒன்றை எடுத்துத் தருவான் என்றும் இருந்துவிடாதே, அங்கத்தைய பொலிசிகள் பெரும்பாலும் அங்கேயே வசிக்கிறவர்களுக்குத்தான், மட்டக்களப்பில் இருக்கிற அம்மா அப்பாவுக்கு உதவாது. இங்கே எடு, கொழும்புக் கந்தோரில் நேரில் போய்க் கேட்டு எடு. மச்சாள் குடும்பம் போன தடவை என்ன செய்தது என்று உதாரணம் காட்டாதே, அவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்சுலினும் மற்ற மருந்துகளும் கையில் கொண்டுபோகிற பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் வாங்கிக்கொள்வார்கள், அவை அறை வாசலுக்கு வந்து சேரப் பின்னேரம், சிலவேளை இரவுச் சாப்பாட்டு நேரமும் ஆகும். டொக்டரின் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அறையில் உள்ள குட்டிக் குளிர்பெட்டி சோடாவைச் சில்லென்று வைக்கும், இன்சுலினுக்கு அந்தக் குளிர் போதுமா என்பது நிச்சயமில்லை, மருந்துக்கு என்று தனிக் குளிர்பெட்டி முன்கூட்டியே கேட்டால் பல கப்பல்களில் தருவார்கள். பாவித்த ஊசி போடுவதற்கு ஒரு டப்பாவும் கேள்.

பிளேன் கப்பல் புறப்படுகிற அன்று காலையில் ஏதென்ஸ் போகிறது என்றாயே, அதை மாற்று. ஒரு நாள் முன்னதாகப் போய், கப்பல் ஏறுகிற துறைமுகமான பிரேயஸிலோ ஏதென்ஸிலோ ஒரு இரவு தங்குங்கள். கட்டுநாயக்காவில் இருந்து இடையில் இன்னொரு விமானம் மாறிப் போகிறீர்கள், ஒன்று பிந்தினால் கப்பல் காத்து நிற்காது. குசாதாசியில் எபேசஸ் இடிபாடுகளைப் பார்க்கக் கப்பல்காரர்களின் பஸ்ஸிலேயே போங்கள், விலை கூடத்தான், ஆனால் அந்த பஸ் பிந்தினால் கப்பல் நிற்கும், நீங்களாகப் பிடித்த டாக்ஸி பிந்தினால் நிற்காது. தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோ, சலவைக்கல் தெரு சறுக்கும், அடிப்பக்கம் ரப்பர் போட்ட செருப்புப் போடு.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்று ஏறும் முன்னரே எழுதிப் போடு, முதல் இரவே மேசை பார்க்கிற தலைவரிடமும் நேரில் சொல், பல கப்பல்களில் சமையலறையில் இந்தியர்கள் இருக்கிறார்கள், பருப்பும் சோறும் தேடி வரும். பொதுச் சாப்பாட்டு மண்டபத்துக்குள் போகும்போது கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. வாசலில் நீட்டுகிற ஜெல்லை மட்டும் நம்பாதே, கப்பல்களில் பரவி வாந்தி வயிற்றோட்டம் உண்டாக்குகிற நோரோ வைரஸுக்கு அது சரியாகக் கேட்காது. போனை விமானப் பயன்முறையில் போட்டு வை, இல்லாவிட்டால் கடலில் தானாகக் கப்பல் சிக்னலைப் பிடித்து, வீட்டுக்கு வந்த பிறகு பில் வந்து நிற்கும். சேவைக் காசு என்று ஆளுக்கு நாளுக்கு 15 டொலருக்கு மேல் கணக்கில் ஏறும், அதை மகன் ஏற்கெனவே கட்டிவிட்டானா என்று கேள்.

இவ்வளவு பயமுறுத்துகிறாளே, பிறகு ஏன் போகச் சொல்கிறாள் என்று நினைப்பாய். ஒரு விடியற்காலை எழும்பிக் கீழ்த்தட்டுக்குப் போ, துறைமுகம் நெருங்குகிற நேரம். கரையில் இருந்து ஒரு சின்னப் படகு வரும். கப்பலும் நிற்காது, படகும் நிற்காது, இரண்டும் ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கமாக ஓடும். கப்பலின் பக்கத்தில் தண்ணீருக்குச் சற்று மேலே ஒரு கதவு திறந்து, மரப்படி வைத்த கயிற்று ஏணி தொங்கும். படகின் முன்தட்டில் ஒருவர் இரண்டு கையும் வெறுமையாக நிற்பார். படகு அலையில் ஏறும், இறங்கும், அவர் அசையமாட்டார், இன்னொரு தரம் ஏறும், அந்த உச்சியில் ஒரு எட்டு வைத்து ஏணியைப் பிடித்துவிடுவார், படகு கீழே இறங்கிப் போய்விடும். அவர்தான் பைலற், அந்தத் துறைமுகத்தின் பாறையும் மணலும் தெரிந்த உள்ளூர்க்காரர், அவர் வந்து சேர்ந்த பிறகுதான் கப்பல் உள்ளே போகும். நம்முடைய மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பல்களிலும் இங்கே இப்படித்தான் ஏறுகிறார்கள், கோணேசர் மலையில் நின்று எவ்வளவு கப்பல் பார்த்திருப்போம், ஒருநாளும் நமக்கு இது தெரியவில்லை. ஒவ்வொரு பயணத்திலும் இதற்காகவே எழும்புகிறேன். கடலை நன்றாகத் தெரிந்த ஒருவர் அதற்கு எவ்வளவு மரியாதை கொடுத்து அடியெடுத்து வைக்கிறார் என்பதை நீ பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஏறிய பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அறையிலேயே இரு, யாரும் வற்புறுத்தமாட்டார்கள். ஆனால் ஏறாமலே வேண்டாம் என்று சொல்லாதே. அண்ணருக்கும் உனக்கும் சேர்ந்து இப்படி ஒரு கிழமை இதுவரை கிடைத்ததில்லை.

மிச்சப் பணம் கட்ட வைகாசி நடுப்பகுதி வரை தவணை என்றாய், அதற்குப் பிறகு பயணத்தை நிறுத்தினால் திருப்பித் தராமல் வெட்டுகிற காசு கூடிக்கொண்டே போகும். அதனால் அதற்கு முன் மூன்று வேலை முடிய வேண்டும், அறை மாற்றம், பிளேன் திகதி, காப்புறுதி. பொலிசித் தாளின் எல்லாப் பக்கங்களையும், சின்ன எழுத்தில் இருக்கிற கடைசிப் பக்கத்தையும் சேர்த்துப் படமெடுத்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு, இவர் வங்கியில் இருந்தவர், வரிவரியாக வாசித்துச் சொல்வார். மகனின் நம்பரையும் அனுப்பு, அவனோடு நானே கதைக்கிறேன்.

மாங்காய் ஊறுகாய் இரண்டு போத்தல் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிற பெரியதம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், அண்ணருக்குக் கொஞ்சமாகக் கொடு.

அன்புடன்,
தேவி