வாடைக்காற்று சரி, நம்ம கரைதான் சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் திருவொற்றியூர் பக்கத்துப் பையன்கள் சிலருக்கு இந்த வாடைக்காலத்தில் கைட் சர்ஃபிங் ஆசை, அதாவது பெரிய காற்றாடி (கைட்) இழுக்கப் பலகையில் நின்று கடலில் போகிற விளையாட்டு ஆசை, வந்திருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் கட்டிப் பலகையில் பறக்கிற போட்டியை முதல்முறையாகச் சேர்த்தார்கள், அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடுகிறது. ஆசைப்படுவதில் தப்பே இல்லை. கடலையும் காற்றையும் பார்த்தே வளர்ந்த மீனவப் பிள்ளைகளைவிட இதற்குத் தோதானவர்கள் யார் இருக்கிறார்கள்? ஆனால் பழைய கைட் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாமல், கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் மிச்சமிருக்கிற துண்டு மணலில் நின்று அதைத் தூக்குகிறார்களே, அதைப் பார்த்துப் பதறித்தான் எழுதுகிறேன்.

போன வாரம் என் கண்ணெதிரே நடந்தது. ஒரு பையன் கைட்டைப் பிடித்து நிற்க, இன்னொருவன் இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்திருந்தான். தண்ணீரில் கால் வைக்கும் முன்பே ஒரு காற்று வந்தது. குப்புற விழுந்தவன் நெஞ்சு மணலில் தேய, கரையோரம் கொட்டியிருக்கிற பாறாங்கற்களை நோக்கி இழுபட்டுப் போனான். அந்த நேரத்தில் அவன் செய்தது, பயந்துபோய்க் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்ததுதான். கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தால் இழுவை கூடும், விட்டால் குறையும். அதற்கு மேல் ஒரே தள்ளலில் கைட்டின் பலத்தைப் போக்குகிற பாதுகாப்பு விடுவிப்பும், கைப்பிடிக் கயிறு பெல்ட்டில் மாட்டுகிற இடத்திலேயே இருக்கிறது. அது அங்கே இருப்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கயிறு ஒரு ஃபைபர் படகின் இன்ஜினில் சிக்கியதால் பிழைத்தான். மீன் கூடையோடு வந்த ஒரு அக்கா சட்டென்று குனிந்ததால் அவரும் தப்பித்தார். இருபது இருபத்தைந்து மீட்டர் நீளத்துக்கு விறைத்து நிற்கிற மெல்லிய கயிறு அது. கண்ணாடித்தூள் பூசவில்லை என்றாலும் சதையை அறுக்கும். மாஞ்சா என்ன செய்யும் என்று வட சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பையன்கள் என்னிடம் சொல்கிற நியாயம் ஒன்று உண்டு, வாடை கடலிலிருந்து கரைக்குத்தானே அடிக்கிறது, எப்படியும் கரையில் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று. பாதி உண்மை. வடகிழக்கிலிருந்து சாய்வாகக் கரையைத் தொடுகிற காற்று, பரந்த மணல் கரையாக இருந்தால், கற்றுக்கொள்ள நல்ல காற்றுதான். புதிதாகக் கற்பவரால் காற்றை எதிர்த்து ஏறி வர முடியாது, காற்று தள்ளுகிற பக்கமே இறங்கிக்கொண்டு போவார், போகிற வழியில் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கேயோ போகிற வழியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்பது தூண்டில் வளைவு, அதைத் தாண்டினால் அடுத்த தூண்டில் வளைவு, கரைக்கு ஒதுங்கினால் அலைத்தடுப்புக் கற்கள். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் நீரோட்டமும் தெற்குப் பக்கமாகவே இழுக்கும்.

அப்புறம் வாடை நாள் முழுக்க ஒரே மாதிரி அடிப்பதும் இல்லை. தை மாதத்து விடிகாலையில் கரையிலிருந்து கடலுக்குப் போகிற லேசான காற்றுதான் இருக்கும். அதை நம்பி இறங்கினால் கரையைவிட்டு வெளியே கொண்டுபோய்விடும். வெயில் ஏறிய பிறகுதான் வடகிழக்குக்குத் திரும்பும். மழைக்காலத்தில் கருமேகம் நெருங்கும்போது அதற்கு முன்னால் ஓடிவருகிற காற்று சில நிமிடங்களில் இரண்டு மடங்காகிவிடும். காற்றின் வேகம் 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) என்பதிலிருந்து 20 நாட் ஆனால் ஏதோ கொஞ்சம்தான் கூடியது என்று நினைக்கிறோம், இழுக்கிற விசை கிட்டத்தட்ட 1.8 மடங்கு ஆகிறது. மேகம் தூரத்தில் தெரியும்போதே கைட்டை இறக்கிவிட வேண்டும். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை மையம் சொல்லியிருக்கிற நாளில், துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கிற நாளில், கைட்டைப் பையைவிட்டே எடுக்கக் கூடாது. காணும் பொங்கல் அன்றைக்கு, கூட்டத்துக்கு நடுவில், கேட்கவே வேண்டாம்.

முறையாகச் சொல்லித்தருகிற இடத்தில் பலகையைக் கடைசியில்தான் கையில் கொடுப்பார்கள். முதலில் சின்ன கைட்டை மணலில் நின்று ஓட்டப் பழக வேண்டும், பிறகு பலகை இல்லாமல் உடம்போடு தண்ணீரில் இழுபட்டுப் போகப் பழக வேண்டும். நடுக்கடலில் கைட் விழுந்துவிட்டால் கயிற்றைச் சுற்றி எடுத்து, அதையே மிதவையாகப் பிடித்துக் கரை சேர்வதையும், கண்ணை மூடிக்கொண்டே அந்த விடுவிப்பைத் தள்ளுவதையும் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். ஹெல்மெட்டும் மிதவைச் சட்டையும் கட்டாயம். தனியாக யாரையும் இறக்க மாட்டார்கள். ராமேசுவரம் பக்கம் இதே வாடைக்காலத்தில் ஆழமில்லாத, அலை அடங்கிய தண்ணீரில் இதைக் கற்றுத்தருகிறார்கள். அங்கே போய்க் கற்றுக்கொண்டு வா என்றுதான் நான் எந்தப் பையனிடமும் சொல்வேன்.

எண்ணூர் கழிமுகத்தில் பழகலாமே என்றும் கேட்கிறார்கள். அங்கே உயர் அழுத்த மின்கம்பிகள் குறுக்கே போகின்றன, கைட் கயிறு அதில் பட்டால் முடிந்தது கதை. பழவேற்காடு ஏரி ஆழமில்லாததுதான், ஆனால் அது பறவைகள் சரணாலயம், பூநாரைகள் வந்து இரை தேடுகிற காலமும் இதே குளிர்காலம். அங்கேயும் வேண்டாம்.

ஆனால் ராமேசுவரம் போகவும், தங்கவும், பயிற்சிக் கட்டணத்துக்கும் எங்கள் பையன்களிடம் காசு ஏது? காசில்லாததால்தான் பாறைக்கரையில் நிற்கிறார்கள். போலீஸ் வந்து விரட்டினால் இன்னும் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துப் போவார்கள், அது இதைவிட ஆபத்து. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் காசிமேடு முதல் எண்ணூர் வரை உள்ள மீனவக் குப்பங்களிலிருந்து நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அரசு செலவில் அங்கே அனுப்பிப் பயிற்சி தர வேண்டும். அவர்களில் சிலரைப் பயிற்றுநர்களாகவே ஆக்கலாம், வேலையும் ஆயிற்று. அதுவரைக்கும் தூண்டில் வளைவுகளுக்கு நடுவில் கைட் ஏற்றக் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்துகள் இந்த வாரமே கூடிப் பேசிக் கட்டுப்பாடு போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மீனவர் குடும்பத்து வாசகர்,
திருவொற்றியூர்